கெடிலத்துக்கு இக்கரையில் ஒரு மிக்சி கடை

சென்ற தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, இரவு பதினொன்றரை மணிக்கு என் சித்தப்பாவின் கைப்பேசி ஒலித்திருக்கிறது. மறுமுனையில் பேசிய பெண்மணி, கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று கூகுளில் போட்டிருப்பதாகவும், அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசி அரைபடாமல் கிடப்பதாகவும் சொல்லி, மிக்சியைக் கொடுத்து மகனை உடனே அனுப்பலாமா என்று கேட்டாராம். இரவு எட்டரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடும் மனிதர் என் சித்தப்பா. மறுநாள் விடிந்ததும் அவர் என்னை அழைத்து, "நான் எப்போதடா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். கடலூரில் முப்பது ஆண்டுகளாக மிக்சியும் கிரைண்டரும் பழுதுபார்த்துவருபவர், தம் கடையைப் பற்றித் தமக்கே தெரியாத ஒரு செய்தியை நள்ளிரவில் வாடிக்கையாளர் சொல்லிக் கேட்க நேர்ந்தது.

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நாள்தோறும் கடலூரிலிருந்து பேருந்தில் போய்வருகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் கைப்பேசியில் எது குழம்பினாலும் அது என்னிடம்தான் வந்து சேரும் என்பதால், இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதங்கள், பேருந்தில் கிடைத்த நேரத்தில் கூகுளின் விதிமுறைகளைப் படித்தும், சனிக்கிழமை மாலைகளில் கடையில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டவற்றை, எங்கள் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சித்தப்பாவின் கடைக்கு நானே முன்பு ஓர் இலவச ஒற்றைப்பக்க இணையதளம் அமைத்துக் கொடுத்திருந்தேன். கூகுள் வரைபடத்தில் கடைக்கென்று உள்ள பக்கத்தோடு இணைத்துக் கூகுள் அளித்துவந்த அந்த வசதி 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது அதுவும் போயிற்று. நான் வேறொன்று செய்து தருவதாகச் சொல்லி, வழக்கம்போலத் தள்ளிப்போட்டுவந்தேன். அந்த இடைவெளியில்தான், ஆடி மாதத்தில், ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் கடைக்கு வந்திருக்கிறார். பதினைந்தே நாளில் கூகுளில் முதல் இடம் என்று வாக்களித்து 12,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். உள்ளூர்த் தேடலில் மேலான இடத்தைக் கேட்டுப் பெறவோ பணம் கட்டிப் பெறவோ வழியே இல்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. பணம் கட்டினால் கிடைப்பது விளம்பரம். அதன் தலையில் விளம்பரம் என்ற குறிப்பும் இருக்கும். இந்த ஒரு வரியை சித்தப்பா முன்பே படித்திருந்தால் 12,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லும் நிலையில் இல்லை, ஏனெனில் எனக்கும் அது தெரியாது.

அந்த இளைஞர் செய்துவைத்தவை பல. பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்குப் பின்னால் 'சிறந்த மிக்சி கிரைண்டர் ரிப்பேர் கடலூர் 24 மணி நேரம்' என்று ஒரு வாலை ஒட்டியிருந்தார். ஒரு புதிய இணையதளத்தில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் என ஊருக்கு ஒரு பக்கமாக நாற்பது பக்கங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, ஒரே வாசகத்தை நாற்பது முறை ஒட்டிய பக்கங்கள். வாயிற்பக்கங்கள் என்று கூகுள் வகைப்படுத்தித் தன் விதிமுறையில் தடை செய்திருப்பது இவற்றைத்தான். பக்கத்தின் நிரலுக்குள், கண்ணுக்குத் தெரியாமல், நூற்றுக்கணக்கான தேடுசொற்களைத் திணித்திருந்தார். அந்தக் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. மிக்சிக்கும் கடலூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத வெளிநாட்டுத் தளங்களிலிருந்து இணைப்புகளையும் வாங்கிச் சேர்த்திருந்தார். தரவரிசை முறையில் கூகுள் 2012-இல் கொண்டுவந்த 'பெங்குயின்' என்ற மாற்றத்துக்குப் பிறகு அத்தகைய இணைப்புகளால் நன்மை இல்லை, தீமை நேரலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்த தவற்றையும் சொல்லிவிட வேண்டும். கடை திறந்திருக்கும் நேரத்தை அன்றைக்கே திருத்தினேன், பெயரைத் தொடவில்லை. அந்த வாலால்தான் கடை மேலே தெரிகிறது என்று தோன்றியதால், இருக்கிறவரை இருக்கட்டுமே என்று விட்டுவைத்தேன். கார்த்திகையில் கடைப் பக்கம் முடக்கப்பட்டது. வரைபடத்தில் கடை இருந்த இடம் வெறுமையாயிற்று. பத்தாண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் கருத்துகளும் கூடவே மறைந்தன. வெளியுலகில் கடை எந்தப் பெயரால் அறியப்படுகிறதோ அந்தப் பெயரை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. அதை மீறிய பக்கத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். யாரோ பரிந்துரைத்திருக்க வேண்டும். அதில் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

மேல்முறையீட்டுக்கு ஆவணங்கள் கேட்டார்கள். அப்போதுதான் ஒரே கடைக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பது வெளிப்பட்டது. பலகையில் 'எலக்ட்ரிக்கல்ஸ்', சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றில் 'எலக்ட்ரிகல் ஒர்க்ஸ்', மாநகராட்சித் தொழில் உரிமத்தில் சித்தப்பாவின் பெயர் மட்டும். மின் கட்டண ரசீதோ கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தது. உத்யம் சான்றைத் திருத்தி, வாடகை ஒப்பந்தத்தை இணைத்து, பலகையின் படத்தோடு அனுப்பினோம். முகவரியையும் மாற்றியிருந்ததால் காணொளிச் சரிபார்ப்பும் தேவைப்பட்டது. எங்கும் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் எடுக்க வேண்டிய காணொளி அது: தெருவும் அக்கம்பக்கத்துக் கடைகளும் தெரிய வேண்டும், பலகை தெரிய வேண்டும், கடை நம் பொறுப்பில் உள்ளது என்பதற்கு அடையாளமாகச் சாவி போட்டுத் திறக்க வேண்டும், உள்ளே தொழிற்கருவிகளைக் காட்ட வேண்டும். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் முறை ஷட்டர் பாதியில் சிக்கியது. இரண்டாம் முறை, எதிர்க்கடை டீ மாஸ்டர் குறுக்கே வந்து 'என்ன படப்பிடிப்பா' என்று கேட்டார். மூன்றாம் முறை எடுத்ததை அனுப்பினோம். பக்கம் திரும்பக் கிடைத்தது, வால் இல்லாமல்.

உள்ளூர்த் தேடலில் கடைகளை வரிசைப்படுத்தக் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தொலைவு, கடையின் பெயர் எவ்வளவு அறியப்பட்டது என்பது. இவற்றுள் தொலைவை மாற்ற நம்மால் ஆகாது. பொருத்தம் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆனால் அதைத்தான் பெரும்பாலான கடைக்காரர்கள் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். சித்தப்பாவின் கடைக்கு முதன்மை வகை 'மின்சாதன விற்பனைக் கடை' என்று இருந்தது. அவரோ விற்பவர் அல்லர், புதிய டி.வி. தேடுபவருக்கு அவரைக் காட்டி யாருக்கு என்ன பயன்? முதன்மை வகையாக ஒன்றும், துணை வகைகளாக ஒன்பது வரையிலும் தேர்ந்தெடுக்கலாம். பழுதுபார்ப்பை முதன்மையாக்கி, உண்மையில் செய்கிற இரண்டை மட்டும் துணையாக வைத்தோம். ஐந்து நிமிட வேலை இது. நான் செய்தவற்றுள் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஊர்ப்பெயர் பட்ட பாடு தனிக்கதை. ரோமன் எழுத்தில் எங்கள் ஊரை ஆங்கிலேயர் எழுதிவைத்த விதத்துக்கும் நாம் ஒலிக்கும் விதத்துக்கும் தொடர்பு குறைவு என்பதால், அவசரத்தில் தட்டச்சு செய்பவர்கள் காதில் விழுகிறபடி எழுதுகிறார்கள். அதில் முதல் உயிர் கொஞ்சம் பிசகினால் ஊர் கூடலூராகிவிடுகிறது. கூடலூரோ நீலகிரியில் ஒன்று, தேனி மாவட்டத்தில் ஒன்று. தேடுபவர் கடலூரிலேயே இருந்தால் அவருடைய இருப்பிடம் அந்தப் பிழையைச் சரிசெய்துவிடும். ஆனால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு, கடலூரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக மிக்சி பழுதுபார்ப்பவரைத் தேடும் பிள்ளைகள் நான் நினைத்ததைவிட மிகுதி. அவர்களுக்கு அந்த உதவி இல்லை. அவர்கள் எழுதும் ஊர்ப்பெயரும் நாம் எழுதிவைத்திருக்கும் ஊர்ப்பெயரும்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும்.

ஊருக்குள் வந்தாலும் குழப்பம் தீர்வதில்லை. புதுநகர், முதுநகர் என்று எழுத்தில் இருப்பவை பேச்சில் என்.டி., ஓ.டி. ஆகின்றன. திருப்பாதிரிப்புலியூர் வாயில் திருப்பாப்புலியூராகச் சுருங்குகிறது. ரோமன் எழுத்தில் ரயில் நிலையப் பலகை ஒருவிதமாகவும் அஞ்சல் முகவரிகள் வேறுவிதமாகவும் எழுதுகின்றன. கடைப் பலகைகளின் எழுத்துக்கூட்டலோ கடைக்குக் கடை மாறுகிறது. எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் பக்கத்தில் கொட்டிவிட வேண்டும் என்று முதலில் எண்ணினேன். அது அந்த இளைஞர் செய்ததற்குச் சற்றும் குறைந்ததாக இருக்காது என்று பிறகு புரிந்தது. பொதுவான எழுத்துப் பிழைகளைத் தேடுபொறி தானாகவே புரிந்துகொள்கிறது. முகவரியில் அஞ்சல் முறைப்படி ஒரே வடிவம். விளக்கத்தில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து எப்படி வர வேண்டும் என்று ஒருவருக்கு வழி சொல்வதுபோல எழுதிய இரண்டு வாக்கியங்கள். அவற்றுக்குள் மக்கள் பேசும் பெயர்கள் இயல்பாக வந்துவிட்டன. அந்த விளக்கத்துக்கு 750 எழுத்துக்குறிகள் வரைதான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாகக் கணக்கிடப்படுவதால் அது விரைவில் தீர்ந்துவிடுகிறது.

பழைய முகவரி இன்னொரு தலைவலி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது சித்தப்பாவின் கடை முதுநகரில் இருந்தது. கூரைத் தகடுகள் போன இடம் தெரியவில்லை. அதன்பிறகுதான் திருப்பாதிரிப்புலியூருக்கு மாறினார். ஆனால் இணையத்தில் உள்ள ஒரு பழைய வணிகக் கையேட்டில் அவர் இன்னும் முதுநகரிலேயே, 607003 என்ற அஞ்சல் எண்ணோடு, என்றோ துண்டித்துவிட்ட 04142 தரைவழி எண்ணோடு வாழ்ந்துகொண்டிருந்தார். வரைபடத்திலும் யாரோ பழைய இடத்தில் ஒரு கடையைக் குறித்திருந்தார்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் எல்லா இடங்களிலும் ஒத்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கு எழுதுகிற எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பற்று ஒரு பேரேட்டிலும் வரவு வேறொரு பேரேட்டிலும் ஒவ்வாமல் நின்றால் எந்தத் தணிக்கையாளர் நம்புவார்? ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒரு தளம் மட்டும் ஆறு வாரம் இழுத்தடித்தது.

பேருந்தில் நான் கடக்கும் கிருமாம்பாக்கமும் அதற்கு மேற்கே உள்ள பாகூரும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் அங்குள்ளவர்களுக்குக் கடலூர்தான் பக்கம். அவர்கள் தேடும்போது 'பாண்டிச்சேரி' என்று சேர்த்து எழுதினால், மாநில எல்லைக்கு இப்பால் இருக்கும் எங்கள் கடைக்கு அதில் இடமில்லை. 2006-இல் அதிகாரப் பெயர் புதுச்சேரி ஆன பின்னும் தேடுபவர் விரலில் பாண்டிச்சேரியும் பாண்டியும்தான் இருக்கின்றன என்பது என் அலுவலக நண்பர்களைப் பார்த்தாலே தெரிகிறது. பெரிய கிரைண்டர்களுக்குச் சித்தப்பா வீட்டுக்கே போவார் என்பதால், சேவைப் பகுதியில் இவ்விரண்டு ஊர்களையும் நெல்லிக்குப்பத்தையும் சேர்த்தோம். இருபது பகுதிகள் வரை சேர்க்க இடமுண்டு. சேர்த்ததனால் அங்கெல்லாம் கடை மேலே வந்துவிடவில்லை. பார்ப்பவருக்கு 'இவர் வருவார்' என்ற தகவல் தெரியும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலைகளில் நான் கடையில் உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக. வருகிறவர்கள் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதை அப்படியே ஒரு நோட்டில் எழுதினேன். சித்தப்பாவின் சொற்கள் ஆர்மேச்சர், காயில், கார்பன் பிரஷ், கப்ளர், புஷ். அந்தச் சொற்களைக்கொண்டுதான் பழைய இணையதளமும் எழுதப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட ஆர்மேச்சர் என்று சொல்லி நான் கேட்கவில்லை. "கருகின வாடை வருது", "சத்தம் மட்டும் வருது, ஜார் சுத்தல", "ஜாருக்கு அடியில தண்ணி ஒழுகுது", "மாவு நைசா அரைய மாட்டேங்குது, கல்லு கொத்தணும்" என்றுதான் சொன்னார்கள். கைப்பேசியிடமும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். குரலால் தேடுபவர்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள். எனவே அந்த நாற்பது பக்கங்களையும் நீக்கிவிட்டு, ஐந்தே பக்கங்கள் எழுதினேன். ஜாருக்கு அடியில் ஒழுகினால் புஷ் தேய்ந்திருக்கும், மாற்ற எவ்வளவு நேரம் ஆகும். சத்தம் வந்தும் ஜார் சுற்றாவிட்டால் கப்ளரின் பற்கள் போயிருக்கும். இப்படி வாடிக்கையாளரின் சொல் தலைப்பிலும், சித்தப்பாவின் சொல் விளக்கத்திலும் வந்தன.

ஒரு பக்கத்துக்கு மட்டும் சித்தப்பா ஒப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிக்சி திடீரென நின்றுவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் பழுதே இருக்காது. சுமை மிகுந்தால் மோட்டாரைக் காக்கும் சுவிட்ச் துண்டித்திருக்கும். மிக்சியின் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை, கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் போதும். சித்தப்பா அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆயினும் அதை எழுதுவேன் என்றபோது, "அதையும் சொல்லிவிட்டால் கடைக்கு எவன் வருவான்?" என்று கோபித்தார். எழுதினேன். இன்று அந்தத் தளத்தில் மிகுதியாகப் படிக்கப்படும் பக்கம் அதுதான் என்று, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி காட்டுகிறது. தை மாதத்தில் ஒருவர் கிரைண்டரோடு வந்து, மிக்சி விஷயத்தை உங்கள் பக்கத்தில் படித்துத்தான் சரிசெய்தேன் என்றார். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, கிரைண்டரைப் பார்த்தார்.

எழுத்தைப் பற்றி ஒன்று. முன்பு அச்சகத்தில் அடித்த துண்டறிக்கையின் கோப்பு இருந்ததால், அதிலிருந்து தமிழை எடுத்து ஒட்டிவிடலாம் என்று எண்ணினேன். ஒட்டினால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வந்து விழுந்தன. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தமிழ் அன்று, தேடுபொறிக்கும் அன்று. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோடில் எழுதினால்தான் தேடலில் அகப்படும். கடையின் விலைப்பட்டியலையும் சேவைகளையும் அழகான சுவரொட்டிப் படமாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் கடைக்காரர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். படங்களைச் சுருக்கிப் போட வேண்டும் என்பதும் அப்போதே கற்றது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் முதுநகர்ச் சந்துகளில் அது நடக்காது.

வாடிக்கையாளர் கருத்துகளுக்காக மேசையில் ஒரு க்யூஆர் அட்டை வைத்தோம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று அந்த இளைஞர் அச்சடித்துவைத்திருந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். கருத்துக்குக் கைம்மாறு தருவதும், மகிழ்ச்சியோடு போகிறவரிடம் மட்டும் கேட்பதும் விதிக்குப் புறம்பானவை. ஆர்மேச்சர் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டபோது, அதை நீக்கியே தீர வேண்டும் என்று சித்தப்பா இரண்டு நாள் என்னை விடவில்லை. உதிரிபாகம் தாமதமானது உண்மை, அதை உங்களுக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும் என்று பதில் எழுதினோம். நட்சத்திரம் கூடவில்லை. ஆனால் இப்போது தாமதமானால் சித்தப்பா தாமாகவே தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்.

கடைசியாகத் தொலைவு. பதினைந்தாம் நாள் அந்த இளைஞர் முதல் இடத்தைக் கைப்பேசியில் காட்டி, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். எங்கே நின்று காட்டினார் என்று கேட்டேன். "இங்கேதான், கடைக்குள்" என்றார். கடைக்குள் நின்றுகொண்டு 'அருகில் மிக்சி ரிப்பேர்' என்று தேடினால், ஒழுங்காகப் பதிவு செய்த எந்தக் கடைக்காரரும் முதலாவதாக வர வாய்ப்பு மிகுதி. உள்ளூர்த் தேடலில் ஒரு கடைக்கு ஒரே இடம் என்று ஒன்று இல்லை. தேடுபவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அது மாறுகிறது. இதை அறிந்தபின், பக்கம் மீண்டு இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். லாரன்ஸ் சாலையில் முதலிடம். முதுநகரில் இரண்டாவது. தேவனாம்பட்டினக் கடற்கரையில் மூன்றாவது. அண்ணா பாலத்தில் கெடிலம் ஆற்றைத் தாண்டி மஞ்சக்குப்பத்தில் நின்றபோது நான்காவது. வரைபடத்தோடு மேலே தோன்றும் பெட்டியில் 2015 முதல் மூன்று கடைகளுக்குத்தான் இடம் என்பதால், நான்காவது என்றால் பெரும்பாலோர் கண்ணுக்குப் படாது.

அதை எப்படி உயர்த்தலாம் என்று நான் சில வாரங்கள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு சித்தப்பாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பெயர்களையும் நிதானமாகப் படித்தார். முதல் பெயரில் விரலை வைத்து, "இவன் ஏழு வருஷம் என்னிடம் காயில் கட்டியவன்தானே, இப்போது இவ்வளவு பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டு, அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். எங்கள் கடை நான்காவதாக இருப்பதைக் காட்டத்தான் வந்தேன் என்று நான் இருமுறை நினைவூட்டினேன். அவர் காதில் விழவில்லை.